கலைக்கப்பட்ட தொகுதியும் எங்கள் அண்ணாவும்

எங்கள் அண்ணா கண்மூடி இந்த மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும் கையில் எடுத்துச் செல்லும் இம்மலரில் அவருடைய வாழ்வை எழுதும் பொறுப்பு, உடன்பிறந்தவள் நான் ஒருத்தி மட்டுமே என்பதால், என்னிடம் வந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவர் அவர்தான். குறைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொக்குவிலில், தபாற்கந்தோரில் வேலை பார்த்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். ஐயா இளவயதிலேயே காலமாகிவிட்டார். நாட்டில் சண்டை கடுமையானபோது, அம்மா தன் தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விற்று அண்ணாவை இங்கிலாந்துக்கு அனுப்பினார். லீட்ஸ் நகரில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலைக்கு நின்றபடி, அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காக அண்ணா ஏழு வருடங்கள் காத்திருந்தார். அந்த ஏழு வருடத்துக்குள் அம்மா காலமானார். அண்ணாவால் வர முடியவில்லை. கொள்ளி வைக்க ஒரு தூரத்து உறவினரைப் பிடித்தோம். அதைப் பற்றி அவர் என்னுடன் ஒருநாளும் பேசியதில்லை.

காத்திருந்த காலத்தில் அவர் யார் யாருக்கெல்லாமோ கடிதம் எழுதினார். மறுமொழி போட்டவர் ஒரே ஒருவர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான நாடாளுமன்றம் ஒன்று இருந்ததும், அதற்கு லீட்ஸ் இருக்கும் யோர்க்ஷையரும் ஹம்பர் கரையும் சேர்ந்து ஒரே தொகுதியாக உறுப்பினர்களை அனுப்பியதும் இங்கே பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த உறுப்பினர்களில் ஒரு பெண்மணிதான் அண்ணாவுக்கு எழுதியவர். "இது என் அதிகாரத்துக்குள் வராது. ஆனால் அதிகாரம் உள்ளவர்களிடம் உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்" என்று இரண்டே வரி. விசா கிடைத்ததும் அண்ணா நன்றி சொல்ல அந்த உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குப் போனார். அங்கே கடிதங்கள் குவிந்து கிடந்தன. பிரித்து அடுக்கித் தரட்டுமா என்று கேட்டார். அந்த அலுவலகக் கதிரையில் இருபது வருடங்கள் வேலை பார்த்தார்.

அந்தத் தொகுதி உண்டானது 1999இல். அதற்கு முன் அப்பகுதி சின்னச் சின்னத் தொகுதிகளாகப் பிரிந்து கிடந்ததாம். முதலில் ஏழு உறுப்பினர்கள், பிறகு ஆறு. ஒரு தேர்தலில் வாக்குச்சாவடியே இல்லாமல் எல்லோரும் தபாலில் வாக்களித்தார்கள். 2009 தேர்தலில், எங்களைப் போன்றவர்கள் வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று சொன்ன ஒரு கட்சிக்கும் அங்கே ஓர் ஆசனம் கிடைத்தது. அந்தக் கிழமை நான், குடியேறியிருந்த மெல்பேர்ணில் இருந்து தொலைபேசி எடுத்து, "பயமாயில்லையோ அண்ணா?" என்று கேட்டேன். "பயந்தான். ஆனா அவருக்கு வோட் போட்ட சனமும் நாளைக்கு எங்களிட்டத்தான் கடிதம் எழுதும். அதுக்கும் மறுமொழி போடத்தானே வேணும்" என்றார். எழுதினார்கள், அவரும் மறுமொழி போட்டார்.

திருமணம் பற்றி நான் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் என்பார். பிறகு நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அதே தொகுதியில், பிரட்ஃபோர்டில் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே எழுதத்தான் வேண்டும். வல்வெட்டித்துறைப் பக்கத்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழரைக் கட்டி, அவருடைய உரிமையில் இங்கிலாந்தில் இருந்தார். கணவர் வேலைத்தலத்தில் மயங்கி விழுந்து இறந்ததும், அந்த அம்மா அங்கே இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பத்திரங்கள் சரியாக இல்லை. அண்ணா அவருக்காக அந்த நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு எழுதினார். மனுவை எடுத்துப் பார்ப்பதாகப் பதிலும் வந்தது. ஆனால் அதற்குள் இங்கிலாந்து ஐரோப்பாவை விட்டுப் பிரிந்து போவது உறுதியாகிவிட்டது. 2020 சனவரி கடைசி நாளோடு தொகுதியும் இல்லை, உறுப்பினரும் இல்லை, அலுவலகமும் இல்லை. கடைசி நாள் அந்த அம்மா வந்து வாசலில் நின்றபோது அண்ணா, "நீங்கள் யோசியாதேங்கோ அக்கா, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. அவர் கடிதம் எழுதினால் மறுமொழி போட வேண்டிய கடமை அதன்பிறகு எவருக்கும் இல்லை. அந்த அம்மாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அவரைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஒருமுறை அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தாராம். "நீங்கள் என்ன செய்வியள் தம்பி. உங்களையும்தானே கதிரையால எழும்பச் சொல்லிப்போட்டாங்கள்" என்றாராம். அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அந்த அம்மா திட்டியிருந்தால் அண்ணா தாங்கியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

பின்னர் அண்ணா வருகை விசாவில் மெல்பேர்ணில், கிளென் வேவர்லியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். உடுப்பு ஒரு பெட்டி, கடதாசி மூன்று பெட்டி. சாப்பாட்டு மேசையில் இருந்து, அந்தத் தொகுதியின் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினார். எந்தத் தேர்தலில் என்ன நடந்தது, எந்த ஊரில் இருந்து என்ன கடிதம் வந்தது, மீன்பிடிக்காரர் என்ன கேட்டார்கள், மூடப்பட்ட தொழிற்சாலைகளில் இருந்து என்ன எழுதினார்கள் எல்லாம். என் மகள் ஒருநாள், "மாமா, ஹூ இஸ் கோயிங் டு ரீட் திஸ்?" என்று கேட்டாள். அண்ணா சிரித்து, "நீ தமிழ் படிச்சா நீ வாசிப்பாய்" என்றார். அவள் அறைக்குப் போய்விட்டாள்.

அவர் மனம் ஆறட்டும் என்று நான்தான் பக்கத்து டண்டினொங்கில் ஒரு பேச்சுக்கு ஒழுங்கு செய்தேன். சனிக்கிழமை பின்னேரம், எங்கள் முதியோர் கூடும் மண்டபம். ஐம்பது பேருக்குச் சொன்னேன், பதினொரு பேர் வந்தார்கள். அண்ணா இஸ்திரி போட்ட சேட்டுடன், படங்களோடு வந்திருந்தார். கால்வாசி பேசியிருப்பார், முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, குறை நினையாதையும். எங்கட சனத்தின்ர பிரச்சினையே மலை மாதிரிக் கிடக்கு. வெள்ளைக்காரன்ர தொகுதி போனா எங்களுக்கென்ன?"

"அதுவும் எங்கட பிரச்சினைதான் ஐயா," என்றார் அண்ணா. "சொல்லி அழுறதுக்கு ஒரு ஆள் இருந்தது. பிறகு அந்த ஆளும் இல்லை. எங்களுக்குத் தெரியாத கதையோ?"

பெரியவர் தலையாட்டினார். ஆனாலும் தேநீருக்கு எழும்பிய ஆட்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. அண்ணா மீதிப் பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

காரில் வரும்போது எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக வந்த அவமானமா, எனக்காக வந்ததா என்று தெரியாது. "இனியாவது விடுங்கோ அண்ணா. செத்துப்போன ஒரு தொகுதிக்கு எத்தினை வருசம் மாரடிக்கப் போறியள்? ஆருக்கு வேணும் இது?" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, சரிதான்" என்றார்.

அடுத்த நாள் மேசை துடைத்திருந்தது. பெட்டிகள் கராஜுக்குப் போய்விட்டன. அதன்பின் அவர் ஒரு வரி எழுதவில்லை. காலையில் குசினியில் எனக்கு மரக்கறி வெட்டித் தருவார், மத்தியானம் ரயில் நிலையம் வரை நடப்பார், வந்து படுப்பார். அண்ணா தேறிவிட்டார் என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். அவர் மெலிந்து போனதைக்கூட நடையின் பலன் என்று நினைத்தேன்.

பிறகு வைத்தியர் கணையத்தில் புற்றுநோய் என்றும், பரவிவிட்டது என்றும் சொன்னார். அதன்பின் அண்ணா பதினொரு கிழமை, மூன்று மாதம்கூட இல்லை, உயிரோடு இருந்தார். வைத்தியசாலையில் ஒருநாள் கொப்பியும் பேனையும் கொண்டுபோய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "கடைசித் தேர்தல் இன்னும் எழுதேல்லை அண்ணா. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றேன். "வேண்டாம். உனக்கு வேலை இருக்கும்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் அங்கேயே இருந்து அழுதேன். அவர் கையை நீட்டி என் தலையைத் தொட்டார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

அதற்குப் பின் அவர் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான். "அந்தப் பிரட்ஃபோர்ட் மனிசிக்கு நான் பொய் சொல்லிப்போட்டன், பிள்ளை." இல்லை அண்ணா என்று பலமுறை சொன்னேன். அவர் கேட்டாரோ தெரியாது. மூன்றாம் நாள் காலை, நான் முகம் கழுவப் போயிருந்தபோது மூச்சு நின்றது.

எழுதிய பக்கங்களை இந்த ஒரு வருடத்தில் நான் வாசித்து முடித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். அவர் உயிரோடு இருந்தபோது நான் ஒரு பக்கமும் வாசித்திருக்கவில்லை.

அண்ணாவின் கடைசிக் கிழமைகளில் முறைவைத்து வந்து இருந்த அயலவர்களுக்கும், அவரைக் குளிப்பாட்டித் துடைத்த தாதிமாருக்கும், ஈமக்கிரியைகளை நடத்தித் தந்த ஐயருக்கும், வேறு மாநிலத்துப் பென்டில் ஹில்லில் இருந்து இரண்டு நாள் கார் ஓடி வந்து சமையலைப் பொறுப்பெடுத்த என் மைத்துனிக்கும், லீட்ஸில் இருந்து மலர்வளையம் அனுப்பிய பழைய அலுவலகத்தாருக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா போன அன்று உங்களில் பலர் தொலைபேசியில், "அமைதியாப் போனாரோ?" என்று கேட்டீர்கள். எல்லோருக்கும் "ஓம், அமைதியாத்தான்" என்றே சொன்னேன். தூரத்தில் இருப்பவர்களுக்கு வேறு எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் அண்ணா அமைதியாகப் போகவில்லை.