பச்சை வளையல் ஏறிய கை

போசரி தொழிற்பேட்டையில் வேலை பார்த்தபோது பிரஸ் மெஷின் என் வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அடியோடு வாங்கிக்கொண்டது. அதிலிருந்து நாலு பேர் முன்னால் அந்தக் கை முந்தானைக்குள்தான்.

மகனுக்கு மராத்திக்காரப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் எல்லாப் பெண்களும் பச்சை வளையல் போடுவார்கள். சம்பந்தியம்மாவின் கொழுகொழு கையில் வளையல்காரி சோப்பு தடவித் தள்ள, அவர் அலறினார்.

அடுத்து நான். "கையைக் கொடும்மா" என்றாள் என் மகள். தயங்கித் தயங்கி அந்தக் கையை நீட்டினேன். ஒரே தள்ளில் அத்தனை வளையலும் ஏறிவிட்டன.

"எனக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?" என்றார் சம்பந்தியம்மா.

"நீங்களும் ரெண்டு விரலை மெஷினுக்குக் குடுத்துப் பாருங்க" என்றேன்.

திகைத்தவர், வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையின் மோதிர விரலால் நானே குங்குமம் வைத்தேன்.