மூன்று முறை தட்டச் சொன்ன மரம்

டயகமப் பக்கம் போய்வந்து இரண்டு வாரமாகப் போகிறது. வழக்கமாக வீடு திரும்பிய அன்றே படங்களோடு எழுதிவிடுவேன். இந்த முறை உட்காரவே மனம் வரவில்லை. ஆனால் இனியும் தள்ளிப்போட முடியாது. படங்கள் கிடையாது, எடுக்கும் நிலைமையில் நான் இல்லை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கண்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். லீவு நாளில் லெட்டர்பாக்ஸிங். தபாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தண்ணீர் புகாத சின்னப் பெட்டியில் கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை, மை, ஒரு கொப்பி வைத்து வெளியில் எங்காவது ஒளித்துவிட்டு, இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு எழுதுவோம். குறிப்பைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் பெட்டியின் முத்திரையைத் தன் கொப்பியிலும், தன் முத்திரையைப் பெட்டியின் கொப்பியிலும் குத்திவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான். நடக்கக் கால் இருந்தால் போதும்.

இதை நம் ஆட்களிடம் பரப்ப நானும் ரிஸ்வானாவும் படாத பாடு பட்டோம். ரிஸ்வானா ஹட்டனில் கணவரோடு துணிக்கடை வைத்திருப்பவள். பள்ளிக்கூட அழிறப்பரில் அவள் முத்திரை செதுக்கினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு வருடம் கத்திக் கத்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தது ஒன்பது பேர், அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள். போதும் போதும் என்றாகி, பெப்ரவரி பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் யாரும் வரலாம் என்று ஒரு சந்திப்பு வைத்தோம். டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். தோட்ட நிர்வாகியான துரையின் அலுவலகத்தில் அனுமதி வாங்கி, டிசம்பரிலேயே மூன்று பெட்டிகளை ஒளித்து வைத்தேன். மூன்றாவது பெட்டியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ரிஸ்வானா செதுக்கிய சிறுத்தை முத்திரை பரிசு.

அந்த மூன்றாவது பெட்டியின் குறிப்பை எழுதியது நான். பாதியை இங்கே தருகிறேன்: ‘மின்னல் விழுந்து ஒரு பக்கம் கருகிய மரம். உன் நெஞ்சு உயரத்தில் ஒரு பொந்து. மூன்று முறை பலமாகத் தட்டு. உள்ளே யாரும் இல்லையென்றால் கையை விடு.’ எழுதி முடித்தபோது எனக்கு ஒரே பெருமை. அடியில் என் போன் இலக்கத்தையும் போட்டு, ‘தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள்’ என்று குழுவில் விட்டேன்.

முதல் நாள் கண்டியிலிருந்து கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு பஸ், மூன்று மணி நேரம். இரவு ரிஸ்வானா வீட்டில். பத்து மணிக்கு எல்லோரும் தண்ணீர்த் தொட்டியடியில் கூடுவதாக ஏற்பாடு. அவள் வேனில் ஆட்களைக் கூட்டிவருவாள், நான் முன்னாலேயே போய்ப் பெட்டிகளைச் சரிபார்த்து வைப்பேன். விடிய ஐந்தே முக்காலுக்கு என்னை டயகம பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, “ஒருத்தரும் வராட்டி கவலப்படாதீங்க அக்கா, ரோல்ஸ் முப்பதையும் நாங்க ரெண்டு பேருமே திண்டு முடிப்போம்,” என்று சிரித்தாள்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தலவாக்கலை தாண்டியதும் மூடுபனியில் எதிரே வருவது பஸ்ஸா லொறியா என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். ஒருவரும் வராமல் போவார்களோ என்று ஒரு பயம். வந்து, நிஜச் சிறுத்தையையே கண்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம். அக்கரப்பத்தனைக்கு அருகில் போன் சிணுங்கியது. தெரியாத இலக்கம். ஒரு படம்: தண்ணீர்த் தொட்டியின் முன்னால் கணவன், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். கீழே தமிழில், ‘நாங்கள் கினிகத்தேனை. முதலில் மூன்றாவது பெட்டிதான்!’

அட, எனக்கு வந்த சந்தோஷம்! முன்பின் தெரியாதவர்கள்! பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் போனை நீட்டிக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பதில் அனுப்புவதற்குள் சிக்னல் போய்விட்டது.

டயகம பஜாரில் இறங்கியபோது எட்டு மணிக்குக் கொஞ்சம் முன். பஸ் கட்டணம் இருநூறு ரூபாய்க்குள். அங்கிருந்து தொட்டிக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோ அறுநூறு ரூபாய். ஆட்டோக்காரர் செல்வம், முப்பது வயதிருக்கும், பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் வண்டியைக் கிளப்பினார்.

“தொட்டிகிட்ட என்னங்கக்கா விசேஷம்? காலையில ஒரு குடும்பமும் வேன்ல மேல போச்சு.”

“தொட்டிக்கு மேலே ஒரு மரம் இருக்கு தம்பி, மின்னல் விழுந்த மரம். அங்கதான்.”

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். “ஏழாம் நம்பர் மலைக்கா? அங்க எதுக்குங்க போறீங்க? அந்த மரத்துலதான குளவி கூடு கட்டியிருக்கு! போன வாரம் கலைஞ்சு, கொழுந்தெடுத்த மூணு பொம்பளைங்கள ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியிலதான் கொண்டு போனேன். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலயே சொல்லி அந்த மலையில வேலைய நிப்பாட்டிட்டாங்க.”

மருந்துக் கடையில் நிற்கிறவளுக்குக் குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். சிலருக்கு வீங்கி வடியும். சிலருக்கு அரை மணி நேரத்தில் தொண்டை அடைத்துவிடும். அந்தக் குடும்பத்தின் கையில் என் குறிப்பு இருக்கிறது. பலமாகத் தட்டச் சொல்லியிருக்கிறேன். தட்டிவிட்டுக் கையை விடச் சொல்லியிருக்கிறேன்.

“தம்பி, அவங்க அந்த மரத்தைத் தட்டத்தான் போறாங்க. நான்தான் எழுதி அனுப்பினேன்.”

செல்வம் உடனே வண்டியைக் கிளப்பினார். அந்தக் கல்லு ரோட்டில் ஆட்டோ அப்படிப் பறக்கும் என்று நான் நினைத்ததில்லை. வழி முழுக்க அந்த இலக்கத்துக்கு அடித்துக்கொண்டே வந்தேன். ஒரு முறைகூட மணி போகவில்லை. பிள்ளையாரே, அவர்கள் வழி தவற வேண்டும், குறிப்பு புரியாமல் போக வேண்டும் என்று வேண்டினேன். நல்ல குறிப்பு எழுதியதற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

தொட்டியடியில் அந்தக் குடும்பத்தின் வேன் மட்டும் நின்றது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, செங்குத்தாகக் கால் மணி நேர ஏற்றம். செல்வமும் கூடவே வந்தார். “கத்திறாதீங்கக்கா. ஓடவும் வேணாம். சத்தம் கேட்டா கலைஞ்சிரும். நம்ம வாயாலயே அதுகள எழுப்பிவிட்ட மாதிரி ஆயிரும்.”

பாதி ஏற்றத்தில் அவர்களைக் கண்டேன். மரத்துக்கு நேர் கீழே நின்றார்கள். கணவர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். சின்னவள் அம்மாவின் சட்டையைப் பிடித்திருந்தாள். பெரியவள், பத்து வயதிருக்கும், கையில் ஒரு கல்லோடு மரத்தை ஒட்டி நின்றாள். அவர்கள் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், கிளைக்கு அடியில், பானை அளவு பழுப்பு நிறத்தில் அது தொங்கியது. அவர்கள் யாரும் மேலே பார்க்கவில்லை. பொந்தைத்தானே பார்க்கச் சொல்லியிருந்தேன்.

டொக். முதல் தட்டு எங்களுக்கே கேட்டது. கூட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ஏதோ அசைந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பிக் கீழே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது, மறைக்க ஒன்றுமில்லை. கால் ஒரு அடி பின்னால்கூடப் போனது. அப்போது அந்தப் பிள்ளை மறுபடி கையை ஓங்கினாள். என்ன செய்கிறேன் என்று தெரியாமலேயே நான் மேலே நடந்தேன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டு.

வீடியோ எடுத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். அவருக்கு நான் வரவேற்க வந்தவள். கிட்டத்தில் போனதும் அவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் பேசுவது கேட்டது. மேலே விரலைக் காட்டி, மூச்சு மட்டும் வருகிற குரலில், “தெபரு!” என்றேன். சிங்களத்தில் குளவிகள். அந்த மனிதரின் சிரிப்பு அப்படியே நின்றது. மேலே பார்த்தார். ஒரு சத்தமும் இல்லாமல் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கல்லை வாங்கிக் கீழே வைத்தார். செல்வம் தன் ஜாக்கெட்டைக் கழற்றிச் சின்னவளை மூடித் தூக்கினார். குனிந்து, தேயிலைச் செடிகளுக்கு இடையில் ஏறக்குறைய தவழ்ந்துதான் இறங்கினோம். கூடு முழுதாகக் கலையவில்லை. கலைந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. ஆனால் வெளியே வந்திருந்த சில, கடைசியாக இறங்கிய மனைவி நிரோஷாவை நெற்றியிலும் கழுத்திலும் கொட்டிவிட்டன.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அந்த முதல் ஒரு மணி நேரத்தை நான் எந்த எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். உள்ளே யாராவது இருமினாலும் எழுந்து நின்றேன். நிரோஷாவின் ஒரு கண் முழுதாக மூடிக்கொண்டது, ஆனால் மூச்சுக்கு ஒன்றும் வரவில்லை. பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வெளியே கணவர் நிமலிடம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பரவாயில்ல அக்கா,” என்றார் தமிழிலேயே. “நீங்க ஏறி வந்தீங்கதானே.”

“எங்க குழுவில உங்களை நான் பார்த்ததே இல்லையே. குறிப்பு யார் தந்தாங்க?”

“என் தங்கச்சி அனுப்பினா. அவளுக்கு ஒபிஸ்ல யாரோ. அவங்களுக்கு யாருன்னு தெரியாது.”

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். என் குறிப்பின் மேலே ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று இருந்தது. ஒரு வருடமாக எதற்காக ஏங்கினேனோ அது நடந்திருக்கிறது.

ரிஸ்வானா வேனைப் பாதி வழியில் திருப்பிவிட்டாள். சந்திப்பு நடக்கவில்லை. முதல் இரண்டு பெட்டிகளைச் செல்வம் எடுத்து அனுப்பினார். மூன்றாவது பொந்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், பனி இறங்கினால் அது தெரியாது. எங்கள் குழுவில் குறிப்பை அழித்துவிட்டேன். போன இடமெல்லாம் போய் அழிக்க என்னால் முடியவில்லை. முந்தாநாள்கூட மாத்தளையிலிருந்து ஒருவர் அழைத்து, வண்டி தொட்டி வரை போகுமா என்று கேட்டார்.

நீங்களும் பெட்டி வைக்கப் போகிறவர் என்றால்: மரப்பொந்து வேண்டவே வேண்டாம், கல்லிடுக்கு போதும். கையை விடு, தட்டு, ஆட்டு என்றெல்லாம் எழுதாதீர்கள். ஆட்களைக் கூப்பிடுவதற்கு முதல் நாள் நீங்களே போய்ப் பாருங்கள், அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவரையாவது விசாரியுங்கள். குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இந்த மாதிரிப் பக்கத்தில் போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள், ஆபத்தென்றால் ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். டயகமவுக்குப் போகிறவர்கள் அட்டைக்கடிக்கு உப்பும், தடித்த ஜாக்கெட்டும் கொண்டுபோங்கள். நாங்கள் இதை விடப்போவதில்லை. அடுத்த சந்திப்பு ஹட்டன் டவுனுக்குள் என்று ரிஸ்வானா சொல்லிவிட்டாள், நிமலும் குழுவில் சேர்ந்துவிட்டார்.

அந்தக் குறிப்பு உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழியுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லுங்கள். தேயிலைக்கு நடுவில் நின்றுகொண்டு இதை வாசிக்கிறீர்கள் என்றால், மரத்தைத் தட்ட வேண்டாம். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், வந்த வழியே இறங்குங்கள்.