கணக்கு டீச்சர் போட்ட வாய்ப்பூட்டு

பழைய மாணவர் சந்திப்புக்கு வந்த திரைச்சீலைக்காரி, பள்ளிக்கூட வாசலில் இறங்கி வேன் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பாதி ஊரின் ஜன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டியவள் அவள். முன்பின் தெரியாத வீட்டில் அளவு நாடாவோடு நாற்காலி மேல் ஏறி நின்று, "அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்க" என்று வீட்டுக்காரரையே அதட்டுவாள். கூடப் படித்தவர்களைப் பார்க்க மட்டும் கால் வரவில்லை.

"உள்ள போ. யாரும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க," என்றார் வேன் ஓட்டும் கணவர்.

"உங்களுக்கென்ன, வாசலோட போயிடுவீங்க."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும்போது அப்பா வேலை பார்த்த கிடங்கில் சரக்கு காணாமல் போய், பழி அவர் தலையில் விழுந்தது. அவரைச் சிறையில் அடைத்தார்கள். சில நாள் லீவுக்குப் பிறகு அவள் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும், சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்த அறை கப்சிப்பென்று அடங்கியது. அன்றிலிருந்து அவள் வந்தாலே பேச்சு நின்றுவிடும். வாய் ஓயாததால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய உயிர்த்தோழி, பையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திருடன் மகள். அந்த வார்த்தையை ஒருவரும் சொன்னதில்லை. அவளே தனக்குள் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா குற்றமற்றவர் என்று வெளியே வந்தபோது பள்ளிப் படிப்பே முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தத் தோழியையும் மனசுக்குப் பக்கத்தில் விடவில்லை.

மண்டபத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தது ரேடியோவேதான். தலை நரைத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது.

"நெட்டச்சி, வந்துட்டியா? வரவே மாட்டேன்னு எல்லாரும் சத்தியம் பண்ணாங்கடி."

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், இத்தனை வருஷம் தொண்டையில் முள்ளாக நின்ற கேள்வி தானாக வெளியே வந்தது.

"ஏன்டி அன்னிக்கு என் பக்கத்துலேர்ந்து எழுந்து போனே? எங்கப்பா ஜெயிலுக்குப் போனதாலயா?"

ரேடியோ வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உனக்கு இன்னமும் தெரியாதா?"

"என்ன தெரியணும்?"

"நீ லீவுல இருந்தப்ப கணக்கு டீச்சர் வந்தாங்க. 'அந்தப் பொண்ணு முன்னாடி யாராவது அப்பாங்கற பேச்சை எடுத்தீங்க, தோலை உரிச்சிடுவேன்'னாங்க. உன் மனசு நோகக் கூடாதாம்."

"அதுக்காக என்கிட்ட பேசவே மாட்டீங்களா?"

எதிரே இருந்த பல் டாக்டர் தலையைச் சொறிந்தார். வகுப்பில் எதற்கெடுத்தாலும் நடுங்குகிற பையன் அவர்.

"என்னம்மா பண்றது? எதைப் பேசினாலும் கடைசில அப்பாவுல போய் நிக்குது. சைக்கிள்னா அப்பா வாங்கித் தந்தது. சினிமான்னா அப்பா விடல. முதுகுல தழும்புன்னா அதுவும் அப்பா உபயம். வம்பே வேண்டாம்னு நீ வந்தா வாயை மூடிக்கிட்டோம்."

"என் வாய் நிக்காதுன்னு டீச்சருக்குத் தெரியும்," என்றாள் ரேடியோ. "அதான் என்னைக் கடைசி வரிசைக்குத் தூக்கிப் போட்டாங்க. திரும்பினா அழுதுடுவேன்னுதான் திரும்பல. நீ எங்க மேல கோவமா இருக்கேன்னு நாங்க நினைச்சோம். பரீட்சை முடிஞ்சதும் சொல்லாம கொள்ளாம போயிட்டே."

திரைச்சீலைக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ரேடியோ பதறிப்போய்த் துணியை விலக்கிப் பார்த்தால், கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"லூசுங்களா," என்றாள். "வெறுத்துட்டீங்கன்னு நினைச்சேனே."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த ஒரு சிரிப்பில் இறங்கியது. யாரும் அவளை வெறுக்கவில்லை. பாசம் காட்டத் தெரியாமல் விழித்த பிள்ளைகள், அவ்வளவுதான்.

பல் டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இப்பவாவது கேக்கலாமா? அப்பா எப்படி இருக்காரு?"

இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"கல்லு மாதிரி இருக்காரு. டிவி ரிமோட்டை யார் கையிலயும் குடுக்கறதில்லை. காது கேக்காது. ஆனா நான் திட்டினா மட்டும் நல்லாக் கேக்கும்."

மேஜையே சிரித்தது.

"எங்கப்பா கதை தெரியுமா உனக்கு?" என்று ரேடியோ ஆரம்பித்தாள். திரைச்சீலைக்காரி தன் நாற்காலியை இழுத்து ரேடியோவின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.