சித்தப்பா அவுட்டான ஞாயிற்றுக்கிழமை

எங்கள் இராஜபாளையம் அணி கிரிக்கெட்டில் தோற்றுப்போக வேண்டும் என்று அம்மா அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். அந்த அணிக்குக் கேப்டன் என் சித்தப்பா.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில், சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அதே ஊரில் ஒரு கிரிக்கெட் போட்டியும் நடந்துகொண்டிருந்தது. நடுவில் இரண்டு நாள் மழை பெய்து ஆட்டங்களெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போக, இறுதி ஆட்டம் கல்யாணத்தன்றே வந்து நின்றது. அதற்கு முந்தின ஞாயிறு அரையிறுதி. அதில் ஜெயித்துவிட்டால் மாப்பிள்ளை இரண்டு இடத்தில் இருந்தாக வேண்டும்.

சித்தப்பாவுக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. முகூர்த்தம் எட்டரைக்கு முடிந்துவிடும், ஆட்டம் பத்து மணிக்கு, மண்டபத்திலிருந்து மைதானம் நடக்கிற தூரம், தாலியைக் கட்டிவிட்டுப் போய் ஆடிவிட்டு மாலையில் நலங்குக்கு வந்துவிடுகிறேன் என்று, யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு வழி சொல்வது போலச் சொன்னார். தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா பஞ்சு மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்த்தார். ஷிப்டுக்கு ஒரு நிமிஷம் பிந்தி வந்தவர் சொந்தச் சிநேகிதராக இருந்தாலும் தாமதம் என்றுதான் எழுதுவார்; எழுதிவிட்டு, வெளியே வந்து அவரோடு சேர்ந்து டீ குடிப்பார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். பெற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டதால் சித்தப்பாவைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவர்தான். அவர் கேட்டதெல்லாம், ஒரு ஆட்டத்துக்கு வேறு யாரையாவது கேப்டனாகப் போட முடியாதா என்றுதான்.

சித்தப்பா, "பயலுவ நைட் ஷிப்டு முடிச்சுத் தூங்காம வந்து ஆடுதானுவண்ணே. இத்தன வருசத்துல இப்பத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கோம். பாதியில விட்டுட்டு எப்படி வாறது?" என்றார்.

உண்மைதான். அந்த அணியில் பாதிப் பேர் மில் தொழிலாளிகள், மீதிப் பேர் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள். எல்லாருக்குமாகச் சேர்த்து காலில் கட்டிக்கொள்ள இரண்டே ஜோடி பேடு. வருஷா வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்கிறவர்கள். அப்பா அதோடு விட்டுவிட்டார்.

ஆனால் சேதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டது. பெண்ணின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அதிகம் பேசாத மனிதர். மாப்பிள்ளைக்கு மனசில்லை என்றால் இப்போதே சொல்லிவிடலாம், இன்னும் பந்தக்கால் நடவில்லை என்று கல்யாணத் தரகரிடம் சொல்லியனுப்பினார். அம்மா அன்றைக்குத்தான் பொங்கலுக்கு வேண்டிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பட்டுச்சேலையோடு வந்து ஆட்டத்தைப் பார்த்திருப்பேன் என்று சொல்லியிருப்பாளாம். சித்தி இதைச் சொன்னது வெகுகாலம் கழித்து.

அரையிறுதிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் அணிக்கு அம்பயராக நிற்கிற விளையாட்டு வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஒவ்வொரு அணியும் ஒரு அம்பயரைக் கொண்டுவர வேண்டும். அப்பா இளவயதில் ஆடியவர், விதியெல்லாம் தெரியும். சித்தப்பாவே வந்து கேட்டார். அப்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நீங்க நின்னாத்தாண்ணே ரெண்டு பக்கமும் வாய் தெறக்க மாட்டானுவ" என்றார் சித்தப்பா.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மைதானத்துக்குப் போனார். நானும் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன். அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் முதலில் ஆடினார்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்ததால் அதில் பாதியைப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் எங்கள் அணி ஆடியது. ஒவ்வொருவராகப் போனார்கள், வந்தார்கள். சித்தப்பா மட்டும் நின்றார். ஆடுகளத்தில் விரித்திருந்த கயிற்றுப் பாயின் மேல் முன்காலை வைத்து அவர் பந்தை அடிக்கிற சத்தம் மரத்தடிவரை கேட்டது. இன்னும் பத்துப் பன்னிரண்டு ரன் என்கிற நிலைக்கு ஆட்டம் வந்துவிட்டது. நைட் ஷிப்டு முடித்து வந்திருந்த அண்ணன்மார்கள் தூக்கக் கண்களோடு எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கும் கைதட்ட ஆசையாக இருந்தது. அம்மாவின் பொங்கல் ஞாபகம் வந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பந்து தாழ்ந்து வந்து சித்தப்பாவின் காலில் பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் எல்லாரும் ஒரே சத்தமாக அப்பாவைப் பார்த்து அவுட் கேட்டார்கள். அப்பா அசையாமல் நின்றார். அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவருடைய கை மெதுவாக எழுந்து, ஒரு விரல் மேலே நின்றது.

சித்தப்பா மட்டையை ஒருமுறை பார்த்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. மட்டையை அக்குளில் செருகிக்கொண்டு நடந்து வந்துவிட்டார். மரத்தடியில் ஒரு அண்ணன், பந்து முதலில் மட்டையில்தான் பட்டது, சத்தம் இங்கேவரை கேட்டது, அதெப்படி அவுட் ஆகும் என்று கொதித்தான். சித்தப்பா பேடைக் கழற்றிக்கொண்டே, "எங்கண்ணன் அவுட்டுன்னா அவுட்டுதாம்லே. உக்காரு" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. தோற்றுப்போனோம்.

அப்பா வேலை இருப்பதாகச் சொல்லிப் பின்தங்கிவிட்டார். என்னைச் சித்தப்பாதான் பஸ்ஸில் கூட்டிவந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று கேட்டேன்.

"ஏட்டி, பட்டுச்சு. லேசாத்தான்" என்றார் சித்தப்பா.

முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஜன்னல் காற்றில் தலையைச் சாய்த்தவர், பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அவர் அப்படி நிம்மதியாகத் தூங்கி நான் ஒரு மாதமாகப் பார்த்ததில்லை.

தோற்ற சேதி கேட்டதும் அம்மா சமையலறைக்குள் போனாள். சற்று நேரத்தில் நெய் மணத்தோடு கேசரி வந்தது. எதுக்கு மதினி இன்னைக்குக் கேசரி என்று சித்தப்பா கேட்டதற்கு, ரவை கிடந்து பூச்சி பிடிக்கப் பார்த்தது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சித்தப்பா இரண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார். பிந்தி வந்த அப்பா அதைத் தொடவில்லை.

அந்த வாரம் முழுவதும் அப்பா ஒரு மாதிரியாகவே இருந்தார். கல்யாண வேலை, அவிய என்ன செய்வாக என்றாள் அம்மா. ஒருநாள் காலையில் நான் பின்வாசலுக்குப் போனபோது, துணி உலர்த்தும் கம்பைக் கையில் பிடித்து, முன்காலை நீட்டி வைத்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். காலையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கும் மறுபடி கிரிக்கெட் ஆடும் ஆசை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

கல்யாணம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. பெண்ணின் அப்பா வாசலிலேயே சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. தாலி கட்டி முடித்ததும் சித்தப்பாவும் சித்தியும் அப்பா, அம்மா காலில் விழுந்தார்கள். அட்சதைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அம்மா சித்தியை எழுப்பி நெற்றியில் குங்குமம் வைத்தாள். அப்பா சித்தப்பாவைத் தோளைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிய கையை எடுக்கவில்லை.

"ஏலே, அன்னைக்கு மட்டையில பட்டுச்சா?" என்றார், காதோடு காதாக.

சித்தப்பா அவருடைய கண்ணைப் பார்த்து, "இல்லண்ணே. நேரா கால்லதான்" என்றார்.

அப்பா ஒரு நீண்ட மூச்சு விட்டார். கண் கலங்கியிருந்தது, கல்யாண வீட்டுப் புகை என்று நினைத்தேன். அன்று பந்தியில் அவர் பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. பஸ்ஸில் என்னிடம் பட்டது என்று சொன்னவர், ஒரே வாரத்தில் அதை மறந்துவிட்டாரே. ஞாபகப்படுத்தலாம் என்று சித்தப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து, என் கன்னத்தைத் தட்டி, தன் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிய்த்து என் தலையில் வைத்துவிட்டுப் போட்டோவுக்கு நிற்கப் போய்விட்டார். பாவம், கல்யாணப் பதற்றத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.