மரைக்கு வைத்த நேர்த்தி

எங்கள் வீட்டு கராஜில் நிற்கும் பெரிய ஃப்ரீசர் என்னுடையது என்றுதான் நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மீனும் முருங்கைக்காயும் ஒடியல் மாவும் வைக்க ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது அதில் எனக்கென்று இருப்பது ஒரு மூலை. மிச்சமெல்லாம் மான்.

இதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் என் கணவர், திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் வேலைக்காக ஆக்லாந்துக்கு வந்தவர். மற்றவர் என் அண்ணா. இலங்கையிலிருந்து அகதியாக இங்கே வந்து, பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பிறகு என்னையும் கூப்பிட்டுக்கொண்டவர். இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று அழைப்பார்கள். இருவரிடமும் வேட்டைத் துவக்கு உண்டு, லைசன்ஸ் உண்டு. ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்புக்கொண்டதை மட்டும் நான் கண்டதில்லை.

என் கணவர் சிகா கட்சி. சிகா ஜப்பானிலிருந்து வந்த சிறிய மான். டாப்போ ஏரிக்குத் தெற்கே மலைகளில் திரியும். அலுவலக நண்பர் ஒருவர் முதன்முதலில் கூட்டிப்போனபோது இவர் அடித்தது ஒரு சிகா. அன்றிலிருந்து அதைப் பற்றிப் பேசும்போது, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் பற்றிப் பேசும் தகப்பன் முகமாகிவிடும் அவர் முகம். என்ன புத்தி, என்ன காது, இறைச்சி என்ன மென்மை என்று ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.

அண்ணா மரை கட்சி. மரை பெரிய மான், கறுத்த மான். இந்த நாட்டில் திரியும் மரைகள் அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழிவந்தவை என்று எங்கோ வாசித்துவிட்டார். அவ்வளவுதான்.

"எனக்கு முன்னமே வந்த ஆக்கள் தங்கச்சி. விசாவும் இல்லை, நேர்முகமும் இல்லை. வந்து, காட்டைப் பாத்து, பிழைச்சிட்டினம்" என்பார்.

"எங்க ஊர் மலையிலயும் அது இருக்கு மச்சான். மிளான்னு சொல்லுவோம். நீங்க மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது" என்பார் இவர்.

"அப்ப ஏன் சிகாவுக்குப் பின்னாலை திரியிறீர்? சொந்தக்காரரை விட்டிட்டு?"

என்னைக் கேட்டால் நான் சிவப்பு மான் கட்சி. உருவம் பெரிது. ஒன்று விழுந்தால் ஃப்ரீசர் நிறைந்துவிடும், அடுத்த சில வாரங்களுக்கு இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் என் கருத்தை யாரும் கேட்பதில்லை. "வை நாட் ஜஸ்ட் பை லாம்ப்?" கடையில் ஆட்டிறைச்சி வாங்கினால் என்ன என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். இருவரும் சேர்ந்து அவளை முறைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்த மிகச் சில நேரங்களில் அதுவும் ஒன்று.

அண்ணாவிடம் ஒரு குறை இருந்தது. அவர் ஒரு மரைகூட அடித்ததில்லை. சிவப்பு மான் அடித்திருக்கிறார். அது அவர் கணக்கில் சேராது. மரை சதுப்பிலும் பற்றையிலும் பதுங்கும், ஆள் வாடை பட்டால் இருக்கிற இடம் தெரியாது. ஒவ்வொரு பருவமும் பல மணி நேரம் கார் ஓட்டிப் போய், முழங்கால் வரை சேறோடு, வெறுங்கையோடு திரும்புவார். நான் சேற்றைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்வேன்.

என் கணவருக்கு இது வெல்லம் கிடைத்த மாதிரி. மகளின் பிறந்தநாளுக்கு ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"மச்சான், இந்த மரை நிஜமாவே இருக்கா? இல்ல நீங்க சும்மா நடைப்பயிற்சிக்குப் போறதுக்கு ஒரு சாக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாவும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். அன்று பாத்திரம் கழுவும்போது என் கணவரிடம் நான் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும். அதனால் உறைத்திருக்கும்.

உறைத்தது. அடுத்த முறை அண்ணா மரைக்குப் போனபோது, "சிகா இல்லாத காட்டுல எனக்கென்ன வேலை" என்று புலம்பிக்கொண்டே கூடவே போனார். அண்ணாவின் முழங்கால் முன்போல் இல்லை. அதைச் சொல்லாமல், "சாப்பாட்டை யாராவது தூக்கணுமே" என்றார்.

ஞாயிறு பிற்பகல் வாகனம் வந்து நின்ற விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் முதலில் இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், மாப்பிள்ளையை இறக்குவதுபோல. அண்ணா இறங்கினார். தலைமுடியிலும் சேறு. கண்கள் கலங்கியிருந்தன.

"விழுந்திட்டுது தங்கச்சி" என்றார்.

பின்னால் குளிர்ப்பெட்டி நிறைய இறைச்சி. தன் நிலத்தில் வேட்டைக்கு அனுமதி தந்த பண்ணைக்காரரின் கொட்டகையிலேயே இரண்டு பேரும் வெட்டிப் பொதி பண்ணியிருந்தார்கள். காட்டிலிருந்து பாதிக்கு மேல் முதுகில் சுமந்தவர் சிகா கட்சிக்காரர் என்று பிறகு அண்ணாதான் சொன்னார்.

நான் அடுப்பை மூட்டி வெங்காயத்தை வெட்டத் தொடங்கினேன். இத்தனை காலச் சண்டைக்கு இன்றைக்குத் தீர்ப்பு. ஒரே தூள், ஒரே அடுப்பு, ஒரு பக்கம் ஃப்ரீசரில் இருந்த சிகா, மறுபக்கம் மரை. அப்போது அண்ணா குசினி வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு வைக்காதை."

"ஏன் அண்ணா? வயிறு சரியில்லையோ?"

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "முருகனுக்கு ஒரு நேர்த்தி வைச்சனான். மரை விழுந்தால் ஒரு வருஷத்துக்கு மீன் இறைச்சி எண்டு ஒரு மச்சமும் தொடமாட்டன் எண்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரையைச் சாப்பிட்டுக் காட்டத்தான் இத்தனை வருடம் சேற்றில் நடந்தார் இந்த மனிதர். அதைக் கொடுத்தால் அதையே சாப்பிட மாட்டேன் என்று போய் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

என் கணவருக்குச் சிரிப்பு வந்தது. கராஜ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், தேங்கா உடைக்கிறேன்னு வேண்டியிருக்கக் கூடாதா?"

"போன முறை தேங்காய்தான் வைச்சனான். வரேல்லை. கஷ்டமானதைக் குடுத்தால்தான் தருவார் எண்டு நினைச்சன்."

"அதுவும் யார்கிட்ட போய்க் கேட்டிருக்கீங்க! வள்ளி யாரு? மான் வயித்துல பொறந்தவங்க. மாமியார் வீட்டு ஆளைச் சுடுறதுக்கு மருமகன்கிட்டயே போய் உதவி கேட்டிருக்கீங்க. அவர் சுட விட்டதே பெரிசு. சாப்பிட வேற விடுவாரா?"

அண்ணாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் ஒரு பொதியை எடுத்து என் கணவரின் கையில் வைத்தார். பின்தொடை, நல்ல பகுதி. "எனக்கு ஏலாட்டி என்ன, நீர் சாப்பிட்டுச் சொல்லும். எப்பிடியெண்டு எனக்குத் தெரியவேணும்."

என் கணவர் பொதியோடு உள்ளே வந்தார். நான் மூட்டிய அடுப்பை அணைத்தார்.

"நல்லாயில்லைன்னு சொன்னா பொறாமைன்னு சொல்லுவீங்க. நல்லாயிருக்குன்னு சொன்னா பாவம் பார்த்துச் சொல்றேன்னு நினைப்பீங்க. எனக்கு ரெண்டும் வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுவோம்."

பொதி ஃப்ரீசரின் அடியில் போனது. என் மூலையில்தான், வேறெங்கே.

மிச்ச இறைச்சியை அண்ணா ஊருக்கே பங்கிட்டார். பென்ரோஸில் கூட வேலை செய்கிறவர்கள், பாபகூராவில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், எல்லோருக்கும். ஒவ்வொருவரும் வந்து அவரிடம் சொன்னார்கள், என்ன ருசி, என்ன ருசி என்று. அவர் கத்தரிக்காய்க் கறியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாவின் மனைவி, என் மச்சாள், நேர்த்தி முடியும் வரை வீட்டுக்குள் இறைச்சியே வரக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். விசேஷ வீடுகளில் அண்ணாவின் தட்டைப் பார்த்து என் கணவர், "மச்சான், வள்ளியம்மை நலமா?" என்று கேட்காத நாள் இல்லை. ஆனால் மரையின் ருசி பற்றி யார் பேச வந்தாலும், "எனக்குச் சொல்லாதீங்க, நான் இன்னும் சாப்பிடல" என்று காதைப் பொத்திக்கொள்வார்.

அந்த வருடம் ஒரு புயலில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் போனது. ஒரு நாளில் வரும் என்றார்கள், வரவில்லை. ஃப்ரீசரிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியதும் நான் கத்தினேன். என் கணவர் ஓடிப்போய் பெட்ரோல் நிலையத்தில் ஐஸ் பைகள் வாங்கிவந்தார். கிடைத்தது கொஞ்சம்தான். சில்லி பின் என்று இங்கே சொல்லும் குளிர்ப்பெட்டியைத் திறந்து, ஐஸைக் கொட்டி, நடுவில் அந்த ஒரு பொதியை வைத்து மூடினார். பக்கத்தில் அவருடைய சிகா, அந்தப் பருவம் முழுக்க மலையேறி அடித்த சிகா, உருகிக்கொண்டிருந்தது.

"உங்கட சிகா?" என்று கேட்டேன்.

"அதைச் சமைச்சிரு. சிகா எப்படி இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

அதன் பிறகு நாங்கள் காலையும் மாலையும் காஸ் அடுப்பில் சிகா சமைத்துச் சாப்பிட்டோம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். அவர் மணிக்கொரு தரம் போய் சில்லி பின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அந்தப் பொதியைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தார். கல்யாணமான இத்தனை காலத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு அன்பு வந்தது அந்த ஐஸ் தண்ணீருக்கு நடுவில்தான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சிகாவின் பெருமையில் சேர்த்துவிடுவார்.

வருடம் முடிந்தது. அண்ணா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வரப் பார்த்தார். கோயிலுக்குப் போன அன்று மச்சம் கூடாது என்று மச்சாள் தடுத்துவிட்டாள். ஒரு வருடம் பொறுத்தவருக்கு அந்த ஒரு நாள்தான் பொறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் புட்டு அவித்தேன். இரண்டு சட்டியில் இரண்டு கறி, ஒரே தூள்: ஒன்று அந்தப் பொதி மரை, மற்றது புயலுக்குப் பிறகு என் கணவர் அடித்த சிகா. மேசையில் நான்கு பேர். அண்ணா மரையில் ஒரு துண்டை எடுத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு சிகாவில் ஒரு துண்டு எடுத்தார். அது உடனே போய்விட்டது.

"உண்மையைச் சொல்லவோ?" என்றார். "மரை கடிக்கேலாமல் கிடக்கு. சிகாதான் திறம்."

சேறும் முழங்காலும் நேர்த்தியும் இதற்குத்தானா? என் கணவரைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஏதாவது நக்கலாகச் சொன்னால் அன்றைக்குப் பாத்திரத்தோடு அவரையும் கழுவிவிடுவதாக முடிவு செய்தேன்.

அவர் தன் தட்டிலிருந்த மரையை வாயில் போட்டு மென்றார். கையை மேசையில் ஓங்கித் தட்டினார்.

"என்ன மச்சான் பேசுறீங்க? ஒரு வருஷம் ஃப்ரீசர்ல கிடந்தா எந்தக் கறியும் இப்படித்தான் இருக்கும். அதுவும் எவ்வளவு பெரிய கிடா அது! வயசென்ன, கொம்பென்ன! இதையும் சின்ன சிகாவையும் ஒண்ணா வச்சுப் பேசலாமா? அந்தச் சேத்துல என் முதுகுல சுமந்தவன் நான். நீங்க ஒரு துண்டு தின்னுட்டு மரையைக் குறை சொல்லுவீங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மரை விழுந்த அன்றுகூட அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் காணவில்லை. தன் தட்டை மெதுவாக என் கணவர் பக்கம் தள்ளினார்.

"ஓம் மச்சான், எனக்கென்ன தெரியும்" என்றார். "மரையிலை இன்னும் ரெண்டு துண்டு போடும்."