ஒக்சிசன் குழாயில் இரண்டு சொட்டு

லண்டன் வெம்பிளிக் கலாவதிக்குப் பிடித்த மனிதர்கள் குறைவு. பார்க் றோயலில் அவள் வேலை செய்த சிறிய றொக்கற் கம்பனியில் ஒருவரும் அந்தக் கணக்கில் சேரவில்லை. புது எஞ்சினைக் கணினியில் வரைவார்கள், மெஷினில் அச்சடிப்பார்கள், படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். இரண்டாம் முறை எரிக்கும்போதே அது வாயைப் பிளந்துவிடும். பிறகு கூட்டம் போட்டுக் கேக் சாப்பிடுவார்கள்.

அவள் மதித்தது பெட்டிக்குள் கிடந்த ஒரு பழைய எஞ்சினை. அறுபதுகளில் செய்து, ஒருநாளும் பறக்க விடாமல் மூடிவைத்த சாமான். திறந்தபோது துருவின் அடையாளமே இல்லை. மெல்லிய குழாய்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்த ஒட்டுகளில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எரித்துப் பார்க்கவேண்டும் என்று மனேஜர் கீர்த்தனனின் உயிரை வாங்கி நாள் குறித்துவிட்டாள். அது எரியாவிட்டால் பழைய இரும்புக்குத்தான் என்று அந்தப் பொடியன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தான்.

சோதனைக்கு முதல் நாள் சரஸ்வதி பூசை. தையற்கடை வைத்திருக்கும் கணவர் அம்பலவாணன் அவளைக் கூட்டிப்போக வந்தார். அவள் வேலையை "இரும்புக்கடை" என்று நக்கலடிக்கிற மனிதர். அவர் வாயை அடைக்கவென்றே உள்ளே கூட்டிப்போய், அந்த எஞ்சினுக்குள் திரவ ஒக்சிசன் போகும் குழாயின் மூடியைக் கழற்றி, உள்ளே மின்னுவதைக் காட்டினாள். அவர் குனிந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்தப் பெருமையோடு கோட் எடுக்கப் போனவள், திரும்பி வந்து உள்ளே பார்க்காமலே மூடியைப் பூட்டினாள்.

காரில் ஏறிய பிறகு அவர் சொன்னார்: "நல்ல நாள்தானே. எஞ்சினுக்குப் பொட்டு வைச்சால் நீர் பேசுவீர் எண்டு வைக்கேல்லை. கடை மெஷின்களுக்கு விட்ட எண்ணெய் பொக்கற்றுக்க கிடந்தது. கனகாலம் சும்மா கிடந்த சாமான் எண்டு குழாய் வாய்க்குள்ள இரண்டு சொட்டு விட்டனான்."

எண்ணெயில் திரவ ஒக்சிசன் பட்டால் வெடிக்கும். வளைந்து போகும் குழாய்க்குள் இறங்கியதைத் துடைக்கவும் முடியாது. அந்த ஒட்டுகளை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். அறுத்துக் கழுவக் கீர்த்தனன் ஒருநாளும் சம்மதிக்கமாட்டான். அது தெரிந்தும் கலாவதி அப்போதே அவனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, நாளைக்கு எரிக்க ஏலாது. ஒக்சிசன் குழாயுக்க எண்ணெய் போயிட்டுது."

"ஆர் விட்டது, அன்ரி?"

"மூடியைக் கழட்டினது நான்."

"அப்ப திங்கட்கிழமை பழைய இரும்புக்கு ஏத்தி அனுப்பச் சொல்லுறன்," என்று வைத்துவிட்டான்.

"நான்தான் விட்டதெண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் அம்பலவாணன்.

ஊரையெல்லாம் மடையர் என்று சொல்லித் திரிந்தவளுக்கு அழுகை வந்தது.

"உங்களுக்குத் தெரியாது, விட்டியள். எனக்குத் தெரியும், திறந்தனான்."