எக்பர்ட் சுரண்டிய பெயர்கள்

என் அம்மாவின் பெயரை எவனோ ஒருவன் காசை வைத்துச் சுரண்டி அழித்துவிட்டான். அவன் யாரென்றே தெரியாமல் பாதி ஆயுசுக்கு அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடினாள். ஒரே ஒரு பாட்டு, ஒரே மத்தியானம். அதை ரெக்கார்டு போட்டார்கள். ஆனால் அது கடைக்கு வரவில்லை. ஊர் ஊராகப் போய் ஆட்டத்துக்குப் பாட்டுப் போடுகிற ஒரு சவுண்ட் செட்காரர் கைக்கு நேராகப் போய்விட்டது. அந்தக் காலத்தில் செட்டுக்குச் செட் போட்டி. ஒரு செட்டில் ஓடுகிற பாட்டு இன்னொரு செட்டில் ஓடக் கூடாது. எதிர்செட்டு ஆள் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொண்டு போய்விடுவான் என்று, ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டிவிடுவார்கள். அம்மாவின் பாட்டுக்கு ஊர் ஊராக ஜனம் ஆடியது. பாடியவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

நான்தான் பாடினேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஒருவரும் நம்பவில்லை. அவள் கையில் ஒரு ரெக்கார்டுகூட இல்லை. அவள் துணி துவைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஸ் செல்ஃபா குரல் கொடுப்பாள்: "ஏ பன்சி, ரேடியோவை அணைச்சிட்டு வேலையைப் பாருடி." நான் பையனாக இருந்த காலத்திலிருந்து கேட்ட கிண்டல் இது. கேட்கும்போதெல்லாம் அந்தச் சுரண்டினவனைத்தான் மனசுக்குள் வைவேன்.

எங்கள் ஊர் செயின்ட் தாமஸில், மலைப்பக்கம். தார் ரோடு வின்ராயின் கடை வாசலோடு முடிந்துவிடும். அங்கிருந்து மொராண்ட் பே டவுனுக்கு நான் டாக்ஸி ஓட்டுகிறேன். ஒரு நாள் உச்சி வெயிலில் ஒரு வயசாளி பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, ஒரு கையில் ரொட்டி அடுக்கும் மரப்பெட்டி, இன்னொரு கையில் மூடிபோட்ட ஒரு சின்னப் பெட்டி.

"ஐசில்டா மினாட் வீடு எதுங்க?"

எங்கள் பக்கம் ஒருத்தரின் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவது போலீஸ்காரன், இல்லாவிட்டால் கோர்ட்டு ஆள். மற்ற எல்லாருக்கும் கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கிறது, அது போதும். வின்ராய் மாவு நிறுத்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமல் அப்படி யாரும் இங்கே இல்லை என்றான். டோமினோ ஆடிக்கொண்டிருந்த ஒருவன் அவள் எப்போதோ பனாமா போய்விட்டாள் என்றான். அவனுக்கு எதிரே இருந்த டெல்ராய், இல்லை, செத்துப்போனாள், நானே தோள் கொடுத்தேன் என்றான். பெற்ற மகன் நான், காரில் சாய்ந்தபடி பல் குத்திக்கொண்டிருந்தேன்.

மனிதர் போகவில்லை. இதே மாதிரி எத்தனையோ ஊர்களில் அவரை விரட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சின்னப் பெட்டியைக் கடைப் பலகைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே பேட்டரியில் ஓடுகிற ரெக்கார்டு பிளேயர். ரொட்டிப் பெட்டியிலிருந்து ஒரு ரெக்கார்டை எடுத்துத் துணியால் துடைத்து வைத்தார். கொஞ்சம் கரகரத்தது. பேஸ் கிட்டார் இரண்டு சுற்று வந்தது. பிறகு அந்தக் குரல்.

தினம் காலையில் துணி துவைக்கிற சட்டிப் பக்கமிருந்து நான் கேட்கிற குரல். வயசு மட்டும் குறைந்திருந்தது. டோமினோக் கட்டையை ஓங்கினவன் கை அப்படியே நின்றது. வின்ராய் இப்போதுதான் மாவிலிருந்து தலையைத் தூக்கினான்.

"டெல்ராய், நீ தூக்கின பொணம் நல்லாத்தான்டா பாடுது."

நான் அவரைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைத் திறந்து ரெக்கார்டைப் போட்டார். அம்மா கையில் இருந்த துவரங்காயைக் கீழே வைக்காமலே முழுப் பாட்டையும் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் ரெக்கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். நடுவில் லேபிள் இருந்த இடம் வெறும் கீறல்.

"இதைச் செஞ்சது யாரு?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "நான்தாம்மா. அந்தச் செட்டுல பாட்டுப் போட்டவன் நான்தான். எக்பர்ட் கிரிஸில்."

இத்தனை வருஷம் சேர்த்து வைத்த வசவெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஒரு அடி முன்னால் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், நின்றுவிட்டேன்.

"அப்போ என் பேரு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"படிச்சிட்டுத்தானே சுரண்டினேன். மத்தவனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் செஞ்சேன். நான் மறக்கலை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அம்மாவைப் பாடவைத்துப் பதிவு செய்த ஆள் செத்துவிட்டார். பதிவு செய்த இடத்தையும் இடித்தாகிவிட்டது. இந்தத் தீவு முழுக்கத் தேடினாலும், அந்தப் பாட்டில் இருப்பது அம்மாதான் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அதை அழித்த இவர். பேசாமல் வீட்டிலேயே கிடந்து செத்திருந்தால் கேட்க நாதியில்லை. அவரோ பஸ் ஏறி வந்து, இத்தனை பொய்யையும் கேட்டு, எங்கள் முற்றத்தில் நின்று, நான்தான் என்கிறார்.

"சரி, வேலிப் பக்கம் திரும்பி என் பேரைச் சத்தமா சொல்லு," என்றாள் அம்மா.

சொன்னார். மைக் பிடித்துப் பழகின தொண்டை. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். மிஸ் செல்ஃபா வேலிக்கு வந்தாள். பாட்டை மூன்றாம் தடவை போட்டார்கள், கடைசி வரை நின்று கேட்டாள்.

"பாட்டு சுமார்தான்," என்றாள். "ஆனா நீதான்டி."

அம்மா அவருக்கு அவித்த வாழைக்காயும் உப்புமீனும் வைத்தாள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து பட்டினி போலிருந்தது.

அதற்குப் பிறகு, மற்ற ரெக்கார்டுகளில் பாடினவர்களைத் தேடி அவருக்கு வண்டி ஓட்டினது நான்தான். அவர் கதையை வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பகலில் பேக்கரியில் அடுப்பு வேலை, சனிக்கிழமையானால் செட். செட்டின் முதலாளி இங்கிலாந்து போனபோது ரெக்கார்டுகளை இவரிடம் விட்டுப் போனார். மனைவி இறந்து வீடு வெறிச்சென்று ஆனபோது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார். லேபிளெல்லாம் கீறல், ஆனால் பெயரெல்லாம் மனசில் அப்படியே. இத்தனை பேருடைய பெயரைத் தன் மண்டைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு எப்படிச் சாவது என்று கிளம்பிவிட்டார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து அந்த ரெக்கார்டுகளை விலைக்குக் கேட்டார்கள். பாடினவர் தன் பாட்டைத் தன் காதால் கேட்காமல் எதுவும் வெளியே போகாது என்று சொல்லிவிட்டார்.

கிளாரெண்டனில் ஒருவரைக் கரும்புத் தோட்டத்தில் கண்டுபிடித்தோம். தன் குரலைக் கேட்டுவிட்டு, இந்தப் பொடியன் நன்றாகப் பாடுகிறானே, யார் என்று கேட்டார். போர்ட் மரியாவில் மீன் விற்கிற ஒரு அம்மாள், நான் இப்போது சர்ச்சுக்குப் போகிறவள், அந்த ஆட்டப் பாட்டெல்லாம் வேண்டாம் என்று விரட்டினாள். கார் வரைக்கும் பின்னாலேயே வந்து, ஒரே ஒரு தடவை மெதுவாகப் போடச் சொல்லிக் கேட்டாள். இரண்டு பேரைக் கல்லறையில்தான் பார்த்தோம். அவர்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினோம். நான் திட்டுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அம்மாவை இப்போது ஊரில் பாட்டுக்காரி என்கிறார்கள். சிரிக்காமல் சொல்கிறார்கள். அது அவர் கொடுத்தது. எனக்கு யாரும் இதைவிடப் பெரிதாக எதுவும் கொடுத்ததில்லை.

போன வருஷம் அவருக்கு நுரையீரல் கெட்டது, அடுப்புப் புகை. அம்மா சுட்டுக் கொடுத்த சீமைப்பலாவையும் ரெக்கார்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு எனக்குப் பாடம் எடுப்பார். எந்த ரெக்கார்டு யார் பாடினது, கீறலைத் தடவிப் பார்த்தே அடையாளம் சொல்ல வேண்டும். எனக்குப் படிப்பு கம்மி, எழுதியாவது வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"எழுதினா எவனாவது சுரண்டிடுவான்," என்றார். "வாயில வச்சுக்கோ."

கடைசியாகப் போனபோது மூச்சுக்கு நடுநடுவே நிறுத்திப் பேசினார்.

"நான் செத்த ஒன்பதாம் ராத்திரி வழக்கம்போல ஊர் கூடும்ல, அன்னிக்கு என் முற்றத்துல செட் கட்டு. என்னைப் பத்தி யாரும் பேச வேணாம். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னாடி மைக்கை எடுத்துப் பாடினவங்க பேரைச் சொல்லு. முழுப் பேரும் சொல்லு, ஊர்ல கூப்பிடுற பேரும் சொல்லு. உங்க அம்மாதான் முதல்ல. ஸ்பீக்கர் பெட்டியை வீட்டைப் பார்த்து வைக்காத தம்பி, ரோட்டைப் பார்த்துத் திருப்பி வை."